ஊசி ரிஜிஸ்டரில் ஒன்பது கற்கள்!

"ஐயோ...! என்ர கல்லக் காணோமே!"

அந்த அலறலில் பெருமாநல்லூர் பனியன் கம்பெனியின் மாடி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

(க்ரைம் கதை என்றால் முதல் வரியிலேயே பிணம் விழ வேண்டும். விழ வைக்கத்தான் பார்த்தேன். இந்தக் கதையில் ஒருவருக்கும் சாக மனமில்லை. இருப்பதை வைத்து ஒப்பேற்றுகிறேன்... பொறுத்தருள்க!)

அலறியவள் அனுப்பிரியா. முதலாளி மகுடேஸ்வரனின் மனைவி. கீழே தையல் மெஷின்கள் ஓடும்போது, மாடி அறையில் தன் கையாலேயே கம்மலும் டாலரும் செய்து இன்ஸ்டாகிராமில் விற்பவள்.

மேஜை மேல் வெல்வெட் டப்பா திறந்து கிடந்தது.

காலி!

அதிலிருந்தவை ஒன்பது குவார்ட்ஸ் கற்கள். சுண்டைக்காய் அளவு. கண்ணாடி போலத் தெளிவு. ஒவ்வொன்றுக்குள்ளும் மயிரிழை போலத் தங்க நிற ஊசிகள்... பூமிக்குள்ளேயே விளைந்த ஊசிகள்! கல்யாண நாள் பரிசாக மகுடேஸ்வரன் ஜெய்ப்பூர் போய் வாங்கி வந்தவை.

"மத்தியானம் கோயமுத்தூர்ல டெஸ்ட்டுக்குக் குடுக்கோணும் மாமா! ஒரிஜினல்னு சர்டிபிகேட் கேட்டிருக்காங்க. காலைல எட்டு மணிக்குக்கூட இருந்துச்சுங்க!"

"அதுக்கப்புறம் ரூமுக்குள்ள யாரு வந்தா?"

கேட்டுக்கொண்டே மகுடேஸ்வரனின் விரல் நீண்டது...

வாசலில் நின்ற நாகஜோதியை நோக்கி!

செக்கிங் செக்ஷன் பெண். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். ஓய்ந்த நேரத்தில் அனுப்பிரியாவுக்குப் பாசி கோர்த்துக் கொடுப்பவள்.

"கூட்டிப் பெருக்கத்தான் வந்தேன் சார்! எங்கம்மா மேல சத்தியமா நான் எடுக்கல!"

"அதையப் போலீஸ்ல சொல்லிக்க."

செல்போனை எடுத்தான்.

"முனீஸ் அண்ணாச்சியக் கூப்பிடுங்க சார்... எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவாக!"

முனீஸ், ஊசி ரூம் இன்சார்ஜ். பனியன் கம்பெனியில் ஊசி உடைந்தால் அது கொலைக் கேஸ் மாதிரி. உடைந்த துண்டு அத்தனையும் கிடைத்தாக வேண்டும். ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டியாக வேண்டும். குழந்தையின் பனியனில் ஒரு துண்டு போனாலும் வெளிநாட்டு ஆர்டர் மொத்தமும் கோவிந்தா!

முனீஸ் வந்தார். கக்கத்தில் ரிஜிஸ்டர். சட்டைப் பையில் காந்தம்.

(மற்ற எழுத்தாளர்களின் துப்பறிவாளருக்குக் கோட்டும் கூலிங்கிளாஸும் இருக்கும். எனக்கு வாய்த்தது தொப்பையும், மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடியும்தான்.)

"இந்தப் பிள்ள எடுக்காது சார். கேன்டீன்ல தட்டுல ஒரு வடை கூடுதலா விழுந்தாலே திருப்பிக் குடுத்துட்டு வரும்... அது சரி, கல்லு எப்படிம்மா இருக்கும்?"

அனுப்பிரியா செல்போனில் போட்டோவைக் காட்டினாள்.

முனீஸின் முகம் வெளுத்தது!

சொன்னால் இருபது வருட வேலை போகும். சொல்லாவிட்டால் நாகஜோதி போவாள்... போலீஸ் ஜீப்பில்!

கண்ணை மூடிக்கொண்டார்.

"போனக் கீழ வைங்க சார். அந்தக் கல்ல ஒடச்சது நான்தான்!"

"என்னது... ஒடச்சீங்களா?"

"சுத்தியல் வச்சு. ஒம்பதையும்!"

அனுப்பிரியா நாற்காலியில் சரிந்தாள்.

"காலைல ஒம்பதே முக்காலுக்கு ஒரு பனியன் பெட்டிய ஊசி கண்டுபிடிக்கிற மெஷின்ல விட்டேன்மா. 'பீப்'புன்னு கத்திருச்சு. பிரிச்சா உள்ள ஒம்பது கண்ணாடி. கண்ணாடிக்குள்ள ஊசி! வேற எவனாயிருந்தாலும் என்ன ஏதுன்னு விசாரிச்சிருப்பான். நான் ஒரு கூமுட்ட... ஊசியப் பாத்ததும் ரூல்தான் ஞாபகம் வந்துச்சு. ஒடச்சு, எடுத்து, ஒட்டிட்டேன்."

ரிஜிஸ்டரை விரித்தார். டேப்புக்கு அடியில் வரிசை வரிசையாகத் தங்க நிற ஊசிகள். பக்கத்தில் முத்து முத்தான கையெழுத்து... 'எந்தத் தையல் மெஷின் என்று தெரியவில்லை. துண்டுகள் முழுமையாகக் கிடைத்தன.'

அனுப்பிரியாவுக்கு அழுகை வந்தது. பாதியில் நின்றது.

"இருங்கண்ணா... மெஷின் கத்துச்சுங்களா?"

"ஊரையே கூட்டிருச்சும்மா."

"கத்தாதுங்களே! அது பாக்கத்தான் ஊசியாட்ட இருக்கும். அதுவும் ஒரு தாதுதானுங்க. இரும்பே இல்லீங்க!"

முனீஸ் டேப்பின் ஓரத்தை உரித்தார். காந்தத்தை நீட்டினார்.

டிக்... டிக்... டிக்!

மூன்று ஊசிகள் தாவி வந்து ஒட்டின.

"சுத்த இரும்பும்மா. மேல தங்கக் கலர் பெயின்ட்."



நாகஜோதிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அண்ணாச்சி... அந்தப் பெட்டிய யாரு கொண்டாந்தா?"

"சார்தான் தாயி. 'மெஷின்ல எல்லாம் விட வேண்டாம், நேரா லாரில ஏத்து'ன்னாரு. முதலாளிக்கும் ரூல் ரூல்தானேன்னு, அவரு அந்தப் பக்கம் போனதும் விட்டுட்டேன்."

மகுடேஸ்வரனின் செல்போன் கையிலிருந்து நழுவியது.

"மாமா... ஜெய்ப்பூர்ல எந்தக் கடைங்க?"

"அது... வந்து... கண்ணு..."

"ஜெய்ப்பூர் போனீங்களா, இல்லீங்களா?"

"கோவா."

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பசங்க கூப்பிட்டாங்க... பீச்சுல ஒருத்தன் துண்டு விரிச்சு வித்துட்டிருந்தான். டெஸ்ட்டுன்னதும் பயந்துட்டேன். ஜெர்மனி ஆர்டரோட போய்த் தொலையட்டும்னு பனியன் பெட்டிக்குள்ள போட்டேன். ஆனா உள்ள நெச ஊசி இருக்கும்னு சத்தியமாத் தெரியாது அனு! அந்தப் பாவி என்னையவும் ஏமாத்திப்போட்டான்!"

"அதுக்கு இந்தப் புள்ளைய ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தீங்களாக்கும்?"

மகுடேஸ்வரன் குனிந்து செல்போனைப் பொறுக்கினான்.

அனுப்பிரியா நாகஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிரு சாமி. நானும் வாயை மூடிட்டு நின்னேன்."

அதுவரை அழாமல் நின்ற நாகஜோதி அப்போதுதான் உடைந்து அழுதாள்.

அவள் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்தாள் அனுப்பிரியா. பிறகு எழுந்தாள். வளையல்களை மேலே ஏற்றினாள். நகை செய்யும் சுத்தியலை எடுத்தாள்.

"ஏனுங்கண்ணா, ரிஜிஸ்டர்ல காலிப் பக்கம் இருக்குதுங்களா?"

"இருக்கும்மா... எதுக்கு?"

புருஷனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னும் ஒண்ணு ஒடையப் போகுதுங்க. துண்டு ஒண்ணு விடாமப் பொறுக்கி ஒட்டிருங்க!"