வினாப்பட்டை

"கருப்பட்டி புதுசுன்னு பாத்தாலே தெரியலையா?" என்றார் கடைக்காரர் தங்கப்பழம்.

"வாயில போட்டா மணல் கடிக்குமோ, அண்ணாச்சி?"

"கடிச்சா நாளைக்கு எம் முகத்துல முழிப்பீகளா?"

"அப்ப ஒரு கிலோ போடுதீகளா?"

"வேற எங்க போயிருவீக?"

வியாபாரம் முடிந்தது. இருவரும் உறுதியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூத்துக்குடியில் இப்போதெல்லாம் யாரும் எதையும் சொல்வதில்லை. கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

எல்லாம் பேச்சுப்பதிவிகளால் வந்த வினை. விளக்குக் கம்பத்திலும் தராசிலும் அவற்றைப் பொருத்திய அரசாங்கம், சொன்ன சொல்லெல்லாம் வாக்குறுதி என்று சட்டமும் போட்டது. மிளகாய் காரம் என்று சொல்லி விற்று, வாங்கியவர் கண்ணில் நீர் வரவில்லையென்றால் நட்டஈடு கொடுக்க வேண்டும். கேள்விக்கு மட்டும் வழக்கில்லை. கேட்டவன் எதையும் சொல்லவில்லையே!

அப்படிப் பிறந்ததுதான் வினாப்பட்டை. தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய துண்டு. குரல்நாண் அதிரும்போதே வாக்கியத்தைப் பிடித்து, கேள்வியாக மடக்கி வெளியே விடும். முதலில் அதை ஆங்கிலத்துக்குத்தான் செய்தார்கள். அதில் துணைவினையைப் பிடுங்கி வாக்கியத்தின் தலையில் நட வேண்டும். ஆரம்பப் பட்டைகள் திக்கித் திணறின. தமிழுக்கு அந்தச் சிரமமில்லை. வால் பக்கம் ஒரு நெடிலை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது.

அந்த வட்டாரத்துக்கே தங்கப்பழம்தான் முகவர். கடைக்காரர்கள் வாங்கினார்கள், பிறகு குடும்பங்களும் வாங்கின. 'நீ பொய் சொல்லுத' என்பது 'நீ பொய் சொல்லுதியா?' என்று வந்தால் பாதிச் சண்டை வாசலிலேயே நின்றுவிடுகிறது அல்லவா?

கடைத்தெருவில் பட்டைக்கு ஒரு மரியாதையும் உருவாகிவிட்டது. அதை உரித்துவிட்டு ஒருவர் பேசினால், அதுதான் அவருடைய கடைசி விலை. முதலில் உரித்தவர் தோற்றவர். தங்கப்பழம் ஒருநாளும் முதலில் உரித்ததில்லை.

அவருடைய ஒரே மகள் சுடர்க்கனி மண் வேதியியல் படித்தவள். செவ்வாயில் பயிர் வைக்கும் குடியேற்றத்துக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். போகிறவர்களுக்குத் திரும்பும் பயணம் கிடையாது. தாயில்லாத வீட்டில் தகப்பனும் மகளும் இட்லித் தட்டுக்கு எதிரெதிரே, தொண்டையில் பட்டையோடு, அதைப் பேசினார்கள்.

"எப்பா, நான் போகவா?"

தங்கப்பழத்துக்கு உள்ளே ஏதோ கழன்று விழுந்தது. ஆனால் முகத்தில் காட்டுவாரா? போக முடிவுசெய்து சொல்லியிருந்தால் பட்டை 'போறேனா?' என்றல்லவா மடக்கியிருக்கும், 'போகவா?' என்று எதற்குக் கேட்க வேண்டும்? இவளுக்கு இருக்கத்தான் ஆசை, விலை விசாரிக்கிறாள் என்று கணக்குப் போட்டார்.

"ஏட்டி, உனக்கு விருப்பம் இல்லையா?"

"உங்களுக்கு ஒண்ணுமே சொல்லத் தோணலையா?"

"இன்னொரு இட்லி வைக்கவா?"

குலசை விண்துறைக்கு வழியனுப்பப் போகும்வரை இப்படியே ஓடியது. வண்டியில் அவர் சூட்கேஸைப் பிடித்துக்கொண்டே வந்தார். அவள் ஜன்னல் வழியே உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

புறப்பாட்டுக் கூடத்தில் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் சுடர்க்கனி நின்றாள். கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய்ப் பட்டையைச் சரக்கென்று உரித்தாள். தோல் சிவந்தது. பட்டையில்லாத மகளின் குரல் எப்படியிருக்கும் என்பதே அவருக்கு மறந்திருந்தது.

"நீங்க இருன்னு சொன்னா நான் இருந்துக்கிடுதேன். அந்த ஒரு சொல் போதும்."

அந்த நேரத்தில் எந்தத் தகப்பனும் செய்வதை அவரும் செய்திருப்பார். ஆனால் அவருக்குள் இருந்த கடைக்காரர் முந்திக்கொண்டார். எதிராளி இறங்கிவிட்டார். இறங்கியவர் இன்னும் இறங்குவார். இப்போது வாயைத் திறக்கக் கூடாது. தானாகவே இருக்கிறேன் என்று சொல்லட்டும். நாளைக்கு, உங்களால்தான் போகவில்லை என்று குத்திக்காட்ட வழியிருக்காது.

"ஏன், பயமா இருக்கோ?" என்றார் சிரித்துக்கொண்டு.

சுடர்க்கனி அவர் கையிலிருந்து சூட்கேஸை வாங்கிக்கொண்டாள். பிறகு திரும்பி நடந்தாள்.

அவர் கூப்பிடவில்லை. விலை படியாமல் இறங்கிப் போகிற ஆளைக் கூப்பிடக் கூடாது. அடுத்த கடைவரை போகவிட வேண்டும். தோள் கொஞ்சம் தயங்கும், தலை திரும்பும், அப்போது ஒரு குரல் கொடுத்தால் போதும். அவர் வாழ்நாளெல்லாம் பார்த்தது அதைத்தான். அவள் தோள் தயங்குவதற்காகக் காத்திருந்தார்.

தோள் தயங்கவில்லை. அவள் உண்மையாகவே கடைசி விலையைச் சொல்லியிருந்தாள்.

கதவு மூடியது. தங்கப்பழம் பட்டையைப் பிய்த்து எறிந்தார். "போகாதட்டீ! இரு! எனக்கு யாரு இருக்கா!" என்று கண்ணாடியில் அறைந்தார். கூடத்தில் இருந்தவர்கள் அம்மணமாக ஓடுகிற ஆளைப் பார்ப்பதுபோல முகம் சுளித்தார்கள். ஒரு அம்மாள் தன் பேத்தியின் காதைப் பொத்தினாள்.

பிறகு அவளுக்குக் குரல்செய்தி அனுப்பினார்: "இருன்னு சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது எந் தப்பு." வானத்தைக் கடந்து பதில் வந்தது: "இப்ப சொல்லி என்ன, எப்பா?" அவள் மறுபடி பட்டையை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து தங்கப்பழம் வெறும் தொண்டையோடு கடையில் உட்கார்ந்தார். ஒருநாள் புதிதாகக் கல்யாணமான ஒரு பையன் மனைவியோடு வந்தான். அவள் கழுத்தில் மஞ்சள் காயவில்லை.

"வினாப்பட்டை நல்லா வேலை செய்யுமா, அண்ணாச்சி?"

"செய்யும். அதனாலதான் சொல்லுதேன், வாங்காதீங்க."

பையன் திகைத்தான். பிறகு கண்ணைச் சிமிட்டினான். விற்கிறவரே வேண்டாம் என்கிறாரென்றால் சரக்கு எவ்வளவு கிராக்கியாக இருக்க வேண்டும்!

"என்னா தந்திரம், அண்ணாச்சி? இவளுக்கும் சேத்து ரெண்டா எடுத்துக்கவா?"

"தந்திரம் இல்ல, தம்பி. சத்தியமாச் சொல்லுதேன். வேண்டாம்."

"சத்தியம் வேறயா?" அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தானே தட்டிலிருந்து இரண்டை எடுத்துக்கொண்டான்.

அங்கேயே ஒட்டிப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லு, சோதிச்சுப் பார்ப்போம் என்று அவன் சைகை காட்டினான். அந்தப் பெண் வெட்கப்பட்டாள், தரையைப் பார்த்தாள், பிறகு மனதிலிருந்ததைச் சொல்லிவிட்டாள்.

"எனக்கு இவுகள ரொம்பப் பிடிச்சிருக்கா?"

பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அத நீதான சொல்லணும்?"

அவள் சொல்ல வாயைத் திறந்தாள். தங்கப்பழம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.