சிவப்பு மணிக்காரர்

எங்கள் தெருக் கீரைக்காரர், "காலைல பறிச்சதும்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கழுத்து மணி சிவந்துவிடும். உடனே, "சரி, நேத்து சாயங்காலம்" என்பார். மணி பச்சையாகும். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிவிடுவேன். வேலூரில் இப்போது வியாபாரம், கல்யாணப் பேச்சு, ஓட்டுக் கேட்பது எல்லாம் இப்படித்தான்.

ஒரு காலத்தில் பொய்ப்படமும் பொய்க்குரலும் பரவி ஊருக்கு ஊர் வெட்டிக்கொண்டார்கள் அல்லவா, அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த மெய்மணி. நாடித் துடிப்பையும் மூச்சையும் பார்த்து, பேசுகிற ஆள் தான் சொல்வதைத் தானே நம்புகிறாரா என்று கண்டுபிடித்துவிடும். பொய் சொன்னால் ஜெயில் எல்லாம் கிடையாது. மணி சிவக்கும், அவ்வளவுதான். ஆனால் பச்சையில் பேசியது மட்டும்தான் பதிவாகும். சிவப்பில் பேசியது காற்றோடு போய்விடும்.

இந்த ஊரில் என் வீட்டுக்காரர் தணிகைவேலன் கழுத்து மாதிரி சிவந்த கழுத்து வேறு யாருக்கும் கிடையாது.

அவர் குளிர்மாட மெக்கானிக். உச்சி வெயிலில் ஊரே ஏசி போட்ட பொதுக் குளிர்மாடத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கும்போது, அவர் மட்டும் அதே மாடத்தின் கூரைமேல் கம்ப்ரசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தேறும். அப்படி வீட்டுக்கு வருகிறவரை, "ஏன் லேட்டு?" என்று கேட்டால் ஒரு நாளாவது உண்மை வருமா?

"கோட்டை அகழியிலேர்ந்து முதலை ஒண்ணு ஏறி வந்துச்சு லோகு. எனக்கும் ஒரு ஏசி மாட்டுன்னு ஒரே அடம்."

மணி பளிச்சென்று சிவக்கும். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிக்கும். "செவப்பு எனக்கு எடுப்பா இருக்குல்ல?" என்று கண்ணாடியில் வேறு பார்த்துக்கொள்வார்.

போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வழக்கப்படி நினைவகத்துக்குப் போனோம். ஒருவருடைய மணியில் பதிவான பேச்சையெல்லாம் சேர்த்து அங்கே நினைவுரு செய்து தருவார்கள். பார்க்கலாம், பேசலாம். நாளைக்குப் பிறக்கப்போகிற பிள்ளைகளும் அதனோடு பேசித்தான் தாத்தாவைத் தெரிந்துகொள்ளும். அன்றைக்கு முத்திரை வைத்துவிட்டால் பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. வேண்டாம் என்றால் அழித்துவிடுவார்கள்.

திரையில் வந்தார். அதே முகம், அதே மச்சம்.

"ஏங்க, சாப்ட்டீங்களா?" என்றேன்.

"இல்லை. எனக்கு வயிறு கிடையாது. மூணாவது மாடத்துல வால்வு மாத்தணும்."

அவ்வளவுதான். நான் என்ன கேட்டாலும் வால்வு, ஃபில்டர், இல்லையென்றால் "வர லேட்டாகும்". என் மகள் நிலானி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இது யாரும்மா? அப்பா ஒரு நாளும் இப்டி இருந்ததில்லையே."

நினைவக அதிகாரி ரிஷ்வந்த் நல்ல பையன்தான். சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார். "அவரு பேசினதுல முக்கால்வாசி செவப்பும்மா. பதிவாகல. நீங்க யாராவது சாட்சியா சொன்னா சேர்த்துக்கலாம். ஆனா சொல்றப்ப உங்க மணி பச்சையா இருக்கணும்."

என் மகன் இமயன் சாட்சி இயந்திரத்தின் முன்னால் போய் நின்றான். "அகழி முதலை எங்கப்பாகிட்ட ஏசி கேட்டுச்சு." சிவப்பு. இயந்திரம் துப்பிவிட்டது.

அவரோடு கூரைமேல் வெந்த கூட்டாளி ஜாகீர் பாய் அடுத்து வந்தார். "ஒரு கோடையில நம்ம மலை உருகி ரோட்டுக்கு வந்துச்சு. தணிகைதான் ஐஸ் வெச்சு நிறுத்தினான்." சிவப்பு.

"இன்னாபா மிஷின் இது! சிரிக்கத் தெரியாத மிஷின்" என்று காலைத் தரையில் உதைத்தார்.

ரிஷ்வந்த் மெதுவாக, "முத்திரை வெச்சிடட்டுமாம்மா? இல்ல, அழிச்சிடட்டுமா?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! அவரை வால்வாக வைத்துக்கொள்வதா, இல்லாமலே ஆக்குவதா, இதுதான் கேள்வியா? "தம்பி, அந்த மனுஷன் வெயில்ல வெந்துட்டு வந்து, முதலை என்கிட்ட ஏசி கேட்டுச்சுன்னாரு! பசங்க சிரிக்கணும்னு சொன்னாரு! அது உன் மிஷினுக்குப் பொய்யா?"

என் மணி பச்சையாக இருந்தது. இயந்திரம் டிங் என்று பதிந்துகொண்டது.

ரிஷ்வந்த் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இன்னொரு தடவ சொல்லுங்கம்மா" என்றார் ரிஷ்வந்த்.

"முதலை ஏசி கேட்டுச்சுன்னாரு."

டிங்.

"அட, 'ன்னாரு'!" நிலானி துள்ளிவிட்டாள். "முதலை கேட்டுச்சுன்றதுதான் பொய். அப்பா அப்டி சொன்னாருன்றது சத்தியம்மா!"

அப்புறம் கேட்கவேண்டுமா? ஜாகீர் பாய் என்னைத் தள்ளாத குறையாக முன்னால் வந்தார். "மலை உருகிடுச்சுன்னான்! ஐஸ் வெச்சேன்னான்!" டிங், டிங். நிலானி சொன்னாள்: "விழுந்த உன் பல்லைக் கம்ப்ரசர்ல போட்டுட்டேன், அதான் ஊரே ஜில்லுன்னு இருக்குன்னாரு. நாலாங்கிளாஸ் வரைக்கும் இந்த ஊருக்கே நான்தான் குளிர் குடுக்கறேன்னு நெனச்சேன்." பக்கத்து அறையில் காத்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ஒரு அம்மாள், "எங்க தெரு மாடத்துக்கும் அவருதான் வருவாரு. சூரியனோட சுவிட்சு ரிப்பேர்னாரு!" என்று சேர்த்துவிட்டுப் போனார். டிங்.

திரையில் அவர் வாயோரம் லேசாகக் கோணியது. அந்தக் கோணல் எனக்குத் தெரியும். பொய் வரப்போகிறது என்று அர்த்தம்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?" என்றேன்.

"எமலோகத்துல. எண்ணெய்க் கொப்பரை ஓவரா சூடாவுதாம், ஏசி போடக் கூப்ட்டு விட்டாங்க. மாட்டினதும் எமன் இல்ல லோகு, அவனோட எருமதான் முன்னாடி வந்து படுத்துகிச்சு."

இதை எங்களில் யாரும் சொல்லவில்லை. அவரே புதிதாகச் சொன்னது. நினைவுருவுக்கு மணியாக இருக்கிற, திரையின் கீழ் விளக்கு நல்ல சிவப்பாக எரிந்தது. எந்த நினைவுருவுக்கும் அது சிவந்து ரிஷ்வந்த் பார்த்ததே இல்லையாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "சட்டத்துல இதுக்குத் தடை ஒண்ணும் இல்லம்மா. வெச்சிடட்டுமா?"

"வைப்பா!"

முத்திரை விழுந்தது.

"லோகு, வீடு எப்டி இருக்கு?" என்றார் அவர்.

இத்தனை வருடத்தில் என் மணி ஒருமுறைகூடச் சிவந்ததில்லை. நிமிர்ந்து நின்று சொன்னேன்: "நீங்க இல்லாம ரொம்ப நிம்மதியா இருக்கு."

கழுத்தே பற்றிக்கொண்ட மாதிரி சிவந்தது. பிள்ளைகள் கத்தினார்கள், ஜாகீர் பாய் விசிலடித்தார், பக்கத்து அறை கைதட்டியது.

"பாரு, பாரு, எப்டிப் பொய் சொல்றா பாரு!" என்றார் என் வீட்டுக்காரர்.