மான் ஈயின் இரண்டு இறக்கைகள்

காலை 9.40. மூன்றாம் மாடி, பூச்சிப் பிரிவு.

அருங்காட்சியக இயக்குநர் பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கினார். உள்ளே பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். ஈ இருந்தது. இறக்கைகளைக் காணோம்.

இருபத்தெட்டு வருடமாக அந்தப் பெட்டியில் தனிக்குடித்தனம் நடத்திய ஈ அது. மான் ஈ. மானின் ரோமத்துக்குள் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்தே வாழும் வகை. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூடத் தேறாது. ஆனால் அந்த இனத்துக்குப் பெயர் வைத்தபோது எந்த ஈயைப் பார்த்து வைத்தார்களோ, அந்த மூல ஈ அதுதான். உலகத்தில் எவருக்குச் சந்தேகம் வந்தாலும் இதோடுதான் ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். மற்ற மான் ஈக்களின் இறக்கையில் ஒற்றையாக ஓடும் ஒரு நரம்பு, இதற்கு மட்டும் கவட்டையாகப் பிரியும். அது ஒன்றுதான் அடையாளம். இறக்கை போனால் இனமே போன மாதிரி.

அன்று மதியம் இரண்டு மணிக்கு, அந்த இறக்கையைப் பார்க்கவென்றே வெளியூரிலிருந்து ஓர் ஆய்வாளர் ரயிலில் வந்துகொண்டிருந்தார்.

10.30.

இன்ஸ்பெக்டர் படியேறி வந்தார். ஒல்லியான, நாற்பது வயதுப் பெண்மணி. ஸ்டேஷனில் அவருக்குச் 'சல்லடை' என்று பட்டப்பெயர். கேட்டதையே திரும்பக் கேட்டுச் சலித்து எடுத்துவிடுவார்.

"ஈயைக் காணோமா?" என்றார்.

"ஈ இருக்கு மேடம். றெக்கைதான் இல்ல," என்றார் இயக்குநர்.

கூட வந்த கான்ஸ்டபிள் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. சுவரோரம் நின்ற பெண்ணின் முகத்தை அவர் பார்த்துவிட்டார். அழுது முடித்து, இனி அழ ஒன்றுமில்லை என்ற முகம்.

அறையில் மியூசியத்து ஆட்கள் நான்கு பேர். முதலாமவர் இயக்குநர். இரண்டாமவர், ஈக்களைத் தவிர வேறெதையும் வாழ்நாளில் ஏறிட்டுப் பார்க்காத பெரிய மனிதர். அந்த மூல ஈயைப் பிடித்து, விவரித்து, பெயர் வைத்தவர். ஊரே அவரை 'ஈ டாக்டர்' என்றுதான் கூப்பிட்டது. அந்தக் கூடத்துக்கே அவர் பெயர்தான். குளிர்சாதனக் காற்றுக்காகக் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார். மூன்றாவது, சுவரோரம் நின்ற அந்தப் பெண். பூச்சிகளை ஊசியில் குத்தி வைப்பதும், அவற்றைப் படமாக வரைவதும் அவள் வேலை. எல்லோருக்கும் அவள் ஊசியக்கா. நான்காவது, அலமாரிச் சாவிக்குப் பொறுப்பான சாவி மாமா. ஊசியக்காவுக்கு அவர் நிஜமாகவே தாய்மாமன். வம்பே அங்கேதான் இருந்தது.

"மாமாவும் மருமகளும் சேந்து மறைக்கிறாங்க," என்றார் இயக்குநர். மேசை மேல் ஒரு கடிதம் டைப் செய்து தயாராக இருந்தது. பதினான்கு வருட வேலையிலிருந்து ஊசியக்காவை நீக்கும் உத்தரவு. "பன்னண்டரைக்கு நிர்வாகக் குழு போன்ல வருவாங்க. அதுக்குள்ள நான் கையெழுத்துப் போட்டாகணும். பொதுச் சொத்த சேதப்படுத்தினதுக்கு நீங்க கேஸ் எழுதணும். இனிமே எந்த மியூசியத்துலயும் இவ ஒரு கொசுவக்கூடத் தொட முடியாது."

"வர்ற ஆய்வாளரையும் வர வேணாம்னு சொல்லிடுங்க," என்றார் ஈ டாக்டர் மெதுவாக. "பாக்க ஒண்ணும் இல்லையே. பெட்டிய சீல் வச்சிடலாம்."

"யாரும் யாருக்கும் போன் பண்ண வேணாம்," என்றார் சல்லடை. "அந்த லென்ஸக் குடுங்க."

அவர் குனிந்தார். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாள் பளிச்சென்று இருந்தது. ஒரு தூசி இல்லை, துணுக்கு இல்லை. ஈயின் ஆறு கால்களும் நகங்களோடு முழுசாக இருந்தன. முதுகின் இரு பக்கமும் இறக்கை இருந்த இடத்தில் இரண்டு குட்டைக் கட்டைகள், அளந்து வெட்டியதுபோல ஒரே நீளம். பின்னங்கால் நகத்தில் ஒரு முடி மாட்டியிருந்தது. பழுப்பு நிறம், விறைப்பானது.

"பாத்தீங்களா! பிரஷ் முடி!" என்றார் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த இயக்குநர். "தூசி தட்றேன்னு பிரஷ்ஷால தேய்ச்சு ஒடைச்சிருக்கா. துணுக்க ஊதிவிட்டிருக்கா."

ஊசியக்கா தன் மேசையிலிருந்த பிரஷ்ஷை எடுத்து நீட்டினாள். அதன் முடி கறுப்பு, பஞ்சுபோல மிருது. இன்ஸ்பெக்டர் அதன் நுனியால் ஈயின் ஒரு காலைத் தொட்டார். கால் மெல்ல வளைந்தது. பிரஷ்ஷை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்தது. ஊசியக்காவின் கண்கள் விரிந்தன. வாயைத் திறக்கப் போனாள். இன்ஸ்பெக்டர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"கீழ இருக்கற சீட்டுல என்ன எழுதியிருக்கு?"

இயக்குநர் வாசித்தார். "ஆற்றங்கரை முகாம். விளக்கு வெளிச்சத்துக்குப் பறந்து வந்தது. வலையில் பிடித்தது. தேதி. பிடித்தவர்: நம்ம டாக்டர்."

10.55. சாவி மாமா.

"நேத்து சாவிய யார் யார் வாங்கினாங்க?"

"ரெண்டே பேரும்மா. காலைல பத்துலேந்து பன்னண்டரை வரைக்கும் இவ. சாயந்திரம் நாலு பத்துக்கு டாக்டர் ஐயா. நாலு இருபதுக்குத் திருப்பிக் குடுத்துட்டாரு."

"ஒங்க மருமக பேர எழுதாம விட்டிருக்கலாமே?"

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாந்தான் அவள இங்க சேத்துவிட்டேன். அதுக்காகப் பொய் எழுதணுமா? அவ தப்புப் பண்ணலன்னு எனக்குத் தெரியும். தெரியறதுக்கும் எழுதறதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

11.05. ஊசியக்கா.

"நேத்து எதுக்குத் திறந்தீங்க?"

"படத்த முடிக்கத்தான் மேடம். வர்றவரு ஒரு படம் கேட்டிருந்தாரு. முடிச்சு மூடுறப்போ ரெண்டு றெக்கையும் இருந்துச்சு. என் பிள்ளைங்க மேல சத்தியமா இருந்துச்சு."

படத்தை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினாள். காகிதம் முழுக்க ஒரே ஈ. ஒவ்வொரு மயிரும் எண்ணிப் போட்டது மாதிரி இருந்தது. இறக்கை உடம்பில் சேரும் இடத்தில், இரு பக்கமும், சின்னதாக ஒரு சொட்டு வரைந்திருந்தாள்.

"இது என்ன?"

"தெரியல மேடம். இருந்துச்சு, வரைஞ்சேன். முந்தாநாள் டாக்டர் ஐயாகிட்டக் காட்டிக் கேட்டேன். கண்ணுல கோளாறு, போய் டெஸ்ட் பண்ணுன்னாரு."

"பண்ணீங்களா?"

"பண்ணினேன். கண்ணு நல்லாத்தான் இருக்காம்."

11.20. ஈ டாக்டர்.

அவர் சுவரிலிருந்த படங்களின் கீழே நின்று பேசினார். வரிசையாக ஐந்து தாடிகள். ஈக்களை இனம் பிரிப்பதிலேயே ஆயுளைக் கழித்த பழைய இயற்கையாளர்கள். தாடி நீளத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்ல.

"நேத்து நாலு பத்துக்கு?"

"வேற அலமாரில ஒரு புத்தகம் எடுத்தேன். ஒரே சாவிதானே எல்லாத்துக்கும்."

"இந்த ஈயைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க சார். எனக்கு ஈன்னா விரட்டத்தான் தெரியும்."

அவர் முகம் மலர்ந்தது. கோட்டுக் காலருக்குள் விரலை விட்டுப் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டே பேசினார். "அந்தக் காலத்துல இவங்களையே ஏமாத்தின பூச்சிம்மா இது. ஒருத்தர் பேன்னாரு. ஒருத்தர் உண்ணின்னு சாதிச்சாரு. அதோ அந்த நீளத் தாடி, றெக்கை இருக்கறத ஒரு இனம்னும் இல்லாதத வேற இனம்னும் ரெண்டு பேர் வச்சாரு. ரெண்டும் ஒண்ணுதான்! கூட்டுலேந்து வந்ததும் ஒரே ஒரு தடவ பறக்கும். மான் கெடச்சுதா, அடிக்கட்டைய மட்டும் விட்டுட்டு ரெண்டு றெக்கையையும் உதுத்துடும். அப்புறம் சாகற வரைக்கும் நடைதான். முடிய அப்படிப் புடிச்சுக்கும், இழுத்தா முடியோடதான் வரும்."

"நீங்க கடைசியா இத உயிரோட பாத்தது எப்போ?"

"பத்து வருஷமாவது இருக்கும். நான் இப்பல்லாம் காடு மேடுன்னு அலையறதில்ல."

"கழுத்துல என்ன சார்?"

"சலூன்காரன் கத்தி சரியில்ல."

11.45.

இன்ஸ்பெக்டர் ஒரு வினோதமான காரியம் செய்தார். சாயம் போய்க் கழித்துப் போட்ட பழைய ஈக்கள் மூன்று வேண்டும் என்று கேட்டு வாங்கினார். ஊசியக்காவின் பிரஷ்ஷால் முதல் ஈயின் இறக்கையைத் தட்டினார். இரண்டு கால்கள் பொலபொலவென உதிர்ந்தன. இறக்கை பாதியில் கிழிந்து தொங்கியது. இரண்டாவது ஈக்குத் தலையே போய்விட்டது. மூன்றாவதை ஈ டாக்டரிடம் நீட்டினார்.

"நீங்க ட்ரை பண்ணுங்க சார். கால் ஒண்ணுகூட ஒடையக் கூடாது. ரெண்டு றெக்கையும் ஒரே அளவுல போகணும்."

"இது என்ன விளையாட்டு?" என்றார் அவர். கை நீளவில்லை.

12.10. கடிதம் மேசை மேலேயே இருந்தது. இயக்குநர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"மூடி வைங்க," என்றார் சல்லடை. "ஒங்க ஈ ஒடையல. மாறிடுச்சு."

இயக்குநர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"இருபத்தெட்டு வருஷம் காஞ்ச கால், அப்பளம் மாதிரி நொறுங்கணும். பெட்டில இருக்கற ஈயோட கால் வளையுது. அக்கா, அதப் பாத்துத்தானே பேச வந்தீங்க?"

"ஆமா மேடம்," என்றாள் ஊசியக்கா. "குத்தி ஒரு நாள்தான் ஆயிருக்கும்."

"அடுத்தது றெக்கை. கை தவறி ஒடைஞ்சா அங்க இங்கன்னு கிழியும், துணுக்கு விழும், கூடவே காலும் போகும். இதுல ரெண்டு பக்கமும் ஒரே அளவு. ஏன்னா யாரும் ஒடைக்கல. அதுவே உதுத்துடுச்சு. அப்படின்னா அது மான் மேல உக்காந்த ஈ. நகத்துல இருக்கறது பிரஷ் முடி இல்ல, மான் முடி. ஆனா சீட்டு என்ன சொல்லுது? பறந்து வந்தத வலைல புடிச்சதாம். பறக்கற ஈ நகத்துல மான் முடி எப்படி வந்துச்சு? இது எல்லாத்தையும் எனக்குச் சொல்லிக்குடுத்தது டாக்டர் சார்தான்."

ஈ டாக்டர் சிரிக்க முயன்றார். "சரி, மாறிடுச்சுன்னே வச்சுக்குவோம். அவளே மாத்தியிருக்கலாமே? எதுக்கு நான் மாத்தணும்? அது என் ஈ!"

"அதனாலதான் சார். அக்கா படத்துல ரெண்டு சொட்டு இருக்கு. எனக்கு ஈயைத் தெரியாது, பசை தெரியும். அன்னைக்கு நீங்க புடிச்சது றெக்கை உதுத்த சாதாரண மான் ஈ. வேற ஏதோ பூச்சி றெக்கைய ஒட்டிப் புது இனம் ஆக்கிட்டீங்க. றெக்கை இருக்கேன்னுதான் சீட்டுல பறந்து வந்ததுன்னு எழுத வேண்டியதாச்சு. அந்தச் சொட்ட இருபத்தெட்டு வருஷம் கழிச்சு ஒரு பொண்ணு கண்டுபுடிச்சு, வெகுளியா ஒங்ககிட்டயே வந்து கேட்டா. இன்னைக்கு வர்றவரும் அதப் பாத்துடுவாரு. ஒட்டின றெக்கையப் பிச்சா பசை மிஞ்சும். அதனால ஈயையே மாத்தினீங்க. இவ கைதான் ஒடைச்சதுன்னு ஆயிட்டா, இவ வரைஞ்ச படத்தையும் யாரும் நம்ப மாட்டாங்க."

"கற்பனை," என்றார் அவர். கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது. "உயிருள்ள மான் ஈய நான் பத்து வருஷமாப் பாக்கலைன்னு சொன்னேன்."

"ஆமா, சொன்னீங்க. கோட்டக் கொஞ்சம் கழட்டுங்க."

அவர் அசையவில்லை. கான்ஸ்டபிள் ஓர் அடி முன்னால் வந்தார். கடைசியில் அவரே ஒவ்வொரு பொத்தானாக அவிழ்த்தார்.

பின்கழுத்தில் நான்கைந்து சிவந்த தடிப்புகள். கத்திக் காயம் ஒன்றுகூட இல்லை. இன்ஸ்பெக்டர் காலரைத் திருப்பி லென்ஸைப் பிடித்தார். தையலுக்குள்ளிருந்து தட்டையாக, பழுப்பாக ஒன்று பக்கவாட்டில் நகர்ந்து வந்தது. இறக்கை இல்லை.

"நீங்க ஒண்ணத்தான் புடிச்சீங்க சார். மிச்சது ஒங்களப் புடிச்சுக்கிச்சு."

ஈ டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரே நிமிடத்தில் அவருக்குப் பத்து வயது கூடிவிட்டது. "மிருகக் காட்சிசாலைல முந்தாநாள் ஒரு மான் செத்துப்போச்சு," என்றார். "அது மேலேந்துதான் எடுத்தேன். அந்த மொத ஈ... அப்போ எனக்கு முப்பது வயசு. கூடப் படிச்சவன் எல்லாம் ஆளுக்கொரு இனத்துக்குப் பேர் வச்சுட்டான். சும்மா ஒட்டிப் பாத்தேன். எவனாவது கண்டுபுடிச்சுடுவான்னுதான் நெனச்சேன். ஒருத்தனும் பாக்கல. எல்லாரும் கை தட்டினாங்க."

"பழைய ஈ எங்க? தூக்கி எறிஞ்சுட்டீங்களா?"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "மூல ஈயை எவனாவது எறிவானா?" உள்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே பஞ்சு மெத்தையில் ஈ இருந்தது. இரண்டு இறக்கை, இரண்டு சொட்டு, எல்லாம் அக்கா வரைந்தபடியே.

இயக்குநர் கடிதத்தை நாலாகக் கிழித்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, பிறகு மேசை விளக்கைச் சரிசெய்தார். சாவி மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

2.00. ஆய்வாளர் வந்தபோது ஊசியக்கா வேலையில் இருந்தாள். கோட்டுக் காலரில் கிடைத்த ஈயை அவள்தான் இடுக்கியால் எடுத்தாள். அவள்தான் ஊசியில் குத்தினாள். பிறகு சீட்டு எழுதினாள். இடம்: மூன்றாம் மாடி. எதன் மேல் இருந்தது: மனிதர், கம்பளிக் கோட்டுக் காலர். அடுத்த வரியில் பேனா நின்றது.

"மேடம், பிடித்தவர்னு ஒங்க பேர போடட்டுமா?"

"நான் புடிச்சது ஆளை," என்றார் சல்லடை, தொப்பியை எடுத்துக்கொண்டே. "ஈயைப் புடிச்சது நீங்கதானே?"

பதினான்கு வருடமாக ஆயிரக்கணக்கான சீட்டுகளில் அந்த வரியில் மற்றவர்கள் பெயரையே எழுதிய கை, முதல் தடவையாகத் தன் பெயரை எழுதியது.