கலெக்டருக்கு ஒரு படையல்

கூண்டுக்கு அடியில் விரித்த செய்தித்தாள் காலையில் சுத்தமாக இருந்தது. ஒரு புழுக்கை இல்லை. வேறு வீடாக இருந்தால் வேலை மிச்சம் என்று சந்தோஷப்படுவார்கள். முயல் வளர்க்கிற வீட்டில் அது கெட்ட அறிகுறி. கலைவாணி தாளைத் தூக்கி உதறிப் பார்த்தாள், கூண்டுக்குப் பின்னால் துழாவினாள். ஒன்றும் இல்லை. முயல் மூலையில் முதுகைக் குவித்துக்கொண்டு, கண் பாதி மூடி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது.

அதன் பெயர் கலெக்டர். அவலூர்பேட்டைச் சந்தையிலிருந்து சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்த அவள் புருஷன் நெடுமாறன் வைத்த பெயர். "வந்த அன்னைக்கே எல்லாரையும் வேல வாங்குது பாரு" என்று சிரிப்பான். பிள்ளை இல்லாத வீடு, செல்லத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஷேர் ஆட்டோவை வாசலில் நிறுத்தியதும், முகம் கூடக் கழுவாமல் கொத்தமல்லிக் கட்டோடு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவான். காம்பு காம்பாக ஊட்டுவான். போதும் என்று விடத் தெரியாத மனுஷன். கலைவாணி தட்டைக் கையால் மறைத்தாலும் விரல் இடுக்கில் ஒரு கரண்டி குழம்பை ஊற்றிவிடுவான். போன மாதம் அந்த ஆட்டோ ரோட்டோரப் புளியமரத்தில் மோதியது. அவன் போனதிலிருந்து முயல் தீனியைக் குறைத்துக்கொண்டே வந்தது. இப்போது அடியோடு நிறுத்திவிட்டது.

மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா அதன் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"குடல் ஓட்டம் நின்னுகிட்டே வருதும்மா. புல்லை அரைச்சு, ஊசி இல்லாத சிரிஞ்சுல கடவாய்ப் பக்கமா கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. வயித்த மெதுவா நீவி விடுங்க. தானா மென்னு தின்ன ஆரம்பிச்சிட்டா பொழச்சுக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வயிறு கல்லாட்டம் ஆயிட்டா மட்டும் எதையும் ஊட்டிடாதீங்க. நேரா இங்க கொண்டாந்துருங்க. அதுக்கு மேல ஊட்டுனா செத்துரும்."

பகல் முழுக்க கலைவாணி அதை மடியில் வைத்துக்கொண்டு போராடினாள். அறுகம்புல்லும் பூசணியும் அரைத்த பச்சைக் கூழ் வாய்க்குள் போனதைவிடப் புடவையில் வழிந்ததுதான் அதிகம். வெயில் இறங்கிய பிறகும் ராஜகிரி மலைப் பாறைகளின் சூடு தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது. அந்தப் புழுக்கத்திலும் முயலின் காது சில்லென்றிருந்தது. "நீயும் போயிட்டா நா யார் கூடடா பேசுவேன்?" என்று கேட்டு அழுதாள். அவன் தொட்டு வளர்த்ததில் மிச்சம் இருந்தது அவளும் அதுவும்தான்.

அப்போதுதான் கருமாதி அன்று நடந்தது நினைவுக்கு வந்தது.

அவர்கள் வழக்கத்தில், போனவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, கற்பூரம் காட்டி, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார்கள். அவர் வந்து சாப்பிடுகிற நேரம் அது. பிறகு கையைத் தட்டிவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள். வந்தவர் கிளம்புவதற்காகத் தட்டுவது. அன்று முயல் அறைக்குள் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கதவுக்குள்ளே அது கறுக்கு முறுக்கென்று மெல்லுவது கேட்டது. கை தட்டியதும் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் அதன் உதடெல்லாம் பச்சை. அதற்குப் பிறகு அது எதையும் அப்படி ஆசையாக மெல்லவே இல்லை.

நாத்தனார் ஜெயக்கொடிக்குப் போன் போட்டு, மறுபடி படையல் வைக்கப்போவதாகச் சொன்னபோது அவள் பதறிப்போனாள்.

"இன்னா அண்ணி பேசுறீங்க? கருமாதி முடிஞ்சு அனுப்பி வச்சவரைத் திரும்பக் கூப்புடுவாங்களா? வேணாம் அண்ணி."

"அவரு கையால குடுத்தா தின்னும் ஜெயா. ஒரு வாட்டி தின்னுட்டா பொழச்சுக்கும்."

விளக்கு வைக்கிற நேரத்தில் உள்ளறையைப் பெருக்கி இலை போட்டாள். சோறு இல்லை, குழம்பு இல்லை. இலை நிறையக் கொத்தமல்லி, அறுகம்புல், முள்ளங்கித் தழை. கற்பூரத்தைக் காட்டி, முயலை இலைக்குப் பக்கத்தில் விட்டாள். "வாங்க. வந்து இதுக்கு ஊட்டிட்டுப் போங்க," என்றாள். கதவைச் சாத்தினாள்.

காற்று கிளம்பியது. எங்கோ தகரம் ஒன்று படபடத்தது, தெருவில் கரண்ட் போயிற்று. இருட்டில் கற்பூர வாசனை அடங்கி, கதவிடுக்கு வழியாகக் கசக்கிய கொத்தமல்லியின் வாசனை வந்தது. அதோடு, அவன் சட்டையில் எப்போதும் இருந்த டீசலும் வியர்வையும் கலந்த வாசனை. கலைவாணி கண்ணை மூடி அந்த வாசனையை இழுத்தாள். சுவரில் சாய்ந்துகொண்டாள்.

கறுக். முறுக்.

தின்கிறது! கையைத் தட்ட வேண்டும் என்று தெரியும். தட்டினால் நின்றுவிடுமே. இன்னும் கொஞ்சம் தின்னட்டும் என்று இரண்டு கையையும் அக்குளுக்குள் இறுக்கிக்கொண்டாள். பயமும் இருந்தது, கண்ணீரும் வந்தது. இத்தனை நாள் கழித்து அவன் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான் என்ற நினைப்பு அவளை அசைய விடவில்லை.

கறுக். முறுக். கறுக். முறுக்.

சத்தம் நிற்கவில்லை. வெகுநேரமாக நிற்கவில்லை. தின்கிற முயல் நடுவில் விழுங்கும், மூக்கை உறிஞ்சும், காலை நக்கும். இதில் இடைவெளியே இல்லை. ஒரே சீர். ஒரே வேகம்.

"கலெக்டரு?" என்றாள்.

கறுக். முறுக்.

அவள் கை தட்டினாள். சத்தம் நிற்கவில்லை. மறுபடி தட்டினாள், உள்ளங்கை எரிய எரியத் தட்டினாள்.

நிற்கவில்லை.

போனில் டார்ச்சைப் போட்டுக் கதவைத் தள்ளினாள்.

இலை பாதி காலியாகியிருந்தது. முயல் பக்கவாட்டில் படுத்திருந்தது. வயிறு ஊதியிருந்தது. தொட்டாள். கல். காதைத் தொட்டாள். குளிர்ந்து, விறைத்து, வளையவில்லை. கண் திறந்தே இருந்தது. அதில் வெளிச்சம் பட்டும் அது அசையவில்லை. கன்னம் இரண்டும் தழையால் புடைத்திருந்தன, உதட்டோரம் தழை பிதுங்கியிருந்தது.

ஆனால் தாடை அசைந்தது. மேலே. கீழே. கறுக். முறுக்.

கன்னத்து ரோமம் இரண்டு பக்கமும் அழுந்தியிருந்தது. ஒரு பக்கம் கட்டைவிரல் அளவு பள்ளம். மறுபக்கம் இரண்டு விரல் பள்ளம். பார்க்க முடியாத கை ஒன்று பிடித்து, மெதுவாக, பிரியமாக, அந்தச் செத்த வாயை மெல்ல வைத்துக்கொண்டிருந்தது.

"போதுங்க," என்றாள் கலைவாணி. "போதுங்க... அது போயிடுச்சு..."

பள்ளம் விலகியது. ரோமம் எழும்பியது. தாடை நின்றது.

பிறகு இலையிலிருந்து அடுத்த காம்பு எழுந்தது.