எண்ணெய்ப் பசி

ஜெசிக்காவின் தலை காய்ந்து கிடந்தது. சமைக்கப் போவதற்கு முன்தான் செலீன் கை நிறைய நல்லெண்ணெய் அள்ளி, மகளின் உச்சியில் தட்டித் தட்டித் தேய்த்துவிட்டிருந்தாள். முழுக வார்க்க வந்து முகர்ந்தால் எண்ணெய் வாசம்கூட இல்லை.

“தலையணையிலை துடைச்சிட்டியோ?”

“இல்லையம்மா.”

தலையணையும் துப்புரவாகத்தான் இருந்தது.

எண்ணெய் தின்கிற கூட்டத்தைச் செலீனுக்குத் தெரியும். சென்ட் லோரன்டில் ஓர் ஆய்வுகூடத்துக் குளிர் அறையில் அவளுக்கு அதுகளைப் பார்ப்பதுதான் வேலை. வடக்கே லாப்ரடோர்ப் பக்கத்துப் பனிக்கடலில் அள்ளிய தண்ணீரில் கச்சா எண்ணெய் விட்டு, போத்தல் போத்தலாக ஆட்டி வைப்பாள். கண்ணுக்குத் தெரியாத பக்டீரியாக்கள் ஒவ்வொரு துளியையும் சூழ்ந்துகொள்ளும். அந்தக் குளிரில் அதுகளுக்கு அவசரமே இல்லை. கலியாணப் பந்தியில் எழும்ப மனமில்லாத சொந்தக்காரர் மாதிரி மாதக்கணக்கில் இருந்து தின்னும். தின்ற இடத்தில் வெள்ளைப் பஞ்சு திரண்டு மெல்ல அடியில் இறங்கும்.

போன கிழமை கையுறை கிழிந்து ஒரு போத்தல் தண்ணீர் வலது கையில் வழிந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். அன்றிலிருந்து அந்தக் கைக்கு விறைப்பு விடவில்லை. கூட வேலை செய்யும் அன்டன் அண்ணை சிரித்தார். “குளிர்ச் சாமான் அது, உடம்புச் சூட்டிலை செத்துப்போகும். பயப்படாதை.” அவளும் நம்பினாள். அந்தக் கையால்தான் இன்று பிள்ளைக்கு எண்ணெய் வைத்தாள்.

தொட்டியில் சுடுதண்ணீர் நிறைத்துப் பிள்ளையை இருத்தினாள். பின்னேரமே வெளியில் இருட்டிவிட்டது. குழாய் சொட்டுகிற சத்தம், ஈரச் சீமெந்து மணம், கண்ணாடியில் புகை மாதிரிப் படிந்த ஆவி. கொஞ்ச நேரத்தில் ஆவி இல்லை. இடது கையைத் தண்ணீருக்குள் விட்டாள்.

ஐஸ்.

“குளிருதோ குஞ்சு?”

“இல்லையம்மா.”

உதடு நீலம். காலையில் உப்பியிருந்த கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தலைமயிரிலிருந்து வெள்ளைப் பஞ்சு. ஒவ்வொன்றாக. அடியில் இறங்கியது.

கத்த வேண்டும். பிள்ளையைத் தூக்க வேண்டும். எல்லாம் தெரிந்தது. பயம் மட்டும் யாரோ அயல் வீட்டுக்காரருடையது போல எட்ட நின்றது. நெஞ்சும் விறைத்துவிட்டது.

ஜெசிக்கா தலையைக் குனிந்து கொடுத்தாள்.

“இன்னும் எண்ணெய் வையுங்கோ அம்மா. பசிக்குது.”

மாட்டேன் என்றுதான் செலீன் நினைத்தாள். அதற்குள் வலது கை நல்லெண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தது.