தண்ணீருக்கு ஒரு வழி

அப்பாவுக்கு வேலை தண்ணீரோடுதான். ஊருக்குள் எந்தக் குழாய் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கணினியில் வரைந்து கொடுப்பார். ஆனால் அவர் கால் நனைந்து பல வருடங்கள் ஆகியிருக்கும். மழை வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டுக்கொள்வார்.

அவருடைய மகளுக்குப் பத்து வயது. வீட்டில் எல்லோரும் அவளை வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்று மத்தியானம் பெய்த மழையில் தெருமுனைச் சாக்கடை அடைத்துக்கொண்டது. மழை நின்ற பிறகும் தெருவில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. மூன்றாவது மாடியிலிருந்து வாண்டு எட்டிப் பார்த்தாள். கீழே தையல் அத்தையின் கடைப்படியைத் தண்ணீர் தொட்டுவிட்டது. பள்ளிச் சீருடைக்கான துணிக்கட்டுகள் கடைக்குள் தரையில்தான் கிடந்தன. அத்தை ஒவ்வொன்றாகத் தூக்கி மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தார். மேசை நிறைந்துவிட்டது. கட்டுகள் தீரவில்லை.

அவள் அப்பாவிடம் ஓடினாள். அவர் உடனே அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஆட்கள் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

"அப்பா, சின்ன வயசுல மண்ணுல அணை கட்டுவேன்னு சொல்வீங்களே, நிஜமாவே தண்ணி நிக்குமா?"

"நிக்குமாவா? நாங்க கட்டினது ரெண்டு நாள் நின்னுச்சு."

அப்படியானால் இப்போது கட்டலாமே என்றாள் வாண்டு. அப்பா தன் இஸ்திரி போட்ட பேண்ட்டைப் பார்த்தார். இந்த வயதில் தெருவில் இறங்கி மண்ணை அள்ளினால் நாலு பேர் சிரிப்பார்கள் என்றார்.

வாண்டு அவருக்காகக் காத்திருக்கவில்லை. குப்பை முறத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். குழாய் பதிக்கத் தோண்டிய மண் எதிரே நீளமாகக் குவிந்து கிடந்தது. அதை அள்ளிக் கடைவாசலில் கொட்டினாள். கொட்டக் கொட்டக் கரைந்து போயிற்று.

மாடியிலிருந்து குரல் கேட்டது. "வெறும் மண்ணு நிக்காது. முதல்ல கல்லு வை!"

அவள் ஒரு கல்லை வைத்தாள். அது உருண்டது. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, செருப்பில்லாமல் இறங்கி வந்துவிட்டார்.

கல்லை வரிசையாக அடுக்கினார்கள். இடுக்குகளில் புல்லைச் செருகி, மேலே சேற்றை அப்பினார்கள். அணை நின்றது. ஆனால் தண்ணீர் பக்கத்துப் பால்கடையை நோக்கித் திரும்பியது. அங்கேயும் ஓர் அணை கட்டலாம் என்று அப்பா அடுத்த கல்லைத் தேடினார்.

வாண்டு சுற்றிலும் பார்த்தாள். எதிரே காலி மனை பள்ளமாக இருந்தது. தண்ணீரை அங்கே போகவிடாமல் மறித்ததே அந்த மண்குவியல்தான்.

"நிறுத்த வேண்டாம்ப்பா. அதுக்குப் போக ஒரு வழி விடலாம்."

அப்பா மண்குவியலைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். "இது எனக்குத் தோணவே இல்ல பாரு" என்றார்.

அவர் கையாலும் அவள் முறத்தாலும் குவியலின் நடுவே வெட்டினார்கள். முதலில் ஒரு கோடுபோலக் கசிந்தது. பிறகு கரையை அரித்துக்கொண்டு தெருத்தண்ணீர் மொத்தமும் மனைக்குள் பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் கடைப்படி வெளியே தெரிந்தது.

தையல் அத்தை வாசலுக்கு வந்தார். ஒரு கட்டுகூட நனையவில்லை என்றார். பிறகு, முட்டிவரை சேறாக நின்ற அப்பாவைப் பார்த்து, கால் துடைக்க ஒரு துண்டுத் துணி கொடுத்தார்.

வாண்டுவுக்குக் குளிர் எடுத்தது. மேலே போகலாம் என்று அப்பாவைக் கூப்பிட்டாள்.

"நீ போம்மா. இங்க ஒரு இடத்துல கரை சரியில்ல, பாத்துட்டு வரேன்."

கரை எல்லா இடத்திலும் நன்றாகத்தான் இருந்தது. அவள் மாடிக்குப் போய்க் கீழே பார்த்தாள். அப்பா ஓர் இலையைத் தண்ணீரில் விட்டு, அது போகும் வழியெல்லாம் கூடவே ஓடிக்கொண்டிருந்தார்.