சீர்வரிசையில் ஓர் ஆம்ப்

அழகர்கோவில் சாலையில் மழைக்கு மரியாதை தெரியாது. சொல்லாமல் வரும்... வந்த வேகத்தில் ஷேர் ஆட்டோவின் இன்ஜினுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அன்றும் அப்படித்தான். ஆட்டோ பாதி வழியில் நின்றுவிட்டது. மற்றவர்கள் பின்னால் வந்த டவுன் பஸ்ஸில் அடித்துப் பிடித்து ஏறிவிட்டார்கள். முனீஸ்வரி ஏறவில்லை. முதுகில் கிட்டார், நெஞ்சோடு அணைத்த ஒரு பை... அந்த நெரிசலில் இரண்டில் ஒன்று நிச்சயம் நசுங்கியிருக்கும். புளியமரத்தடியில் ஒதுங்கி, துப்பட்டாவைத் தலையில் போடாமல் பையின் மேல் போட்டாள். தலை நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

அப்போது ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்னால் பழத்தட்டுகள், தாம்பாளங்கள், மாலை போட்ட ஒரு கிடா. அதன் பக்கத்தில் நீலத் தார்ப்பாய் போர்த்திய இரண்டு பெட்டிகள். கிடா நனைந்துகொண்டிருந்தது, பெட்டிகள் நனையவில்லை. வண்டி ஓட்டியவனின் குணத்தில் பாதி அதிலேயே தெரிந்துவிட்டது.

"மண்டபத்துக்குங்களா?" என்றான். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம்.

"ஆமா. சோணைமுத்து அண்ணன் ட்ரூப்பு."

"அப்ப நம்ம விசேஷந்தான். ஏறுங்க."

பெயர் சூர்யபிரகாஷ். கொட்டாம்பட்டிப் பக்கம் கால்நடை டாக்டர்; வீட்டில் கிட்டாரும் வாசிப்பான். அவன் அக்கா மகளுக்கு இன்று காதுகுத்து. தாய்மாமன் என்ற முறையில் சீர் கொண்டுபோவதும், குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதும் அவன் உரிமை. கச்சேரியும் அவன் ஏற்பாடுதான்.

"பையில என்ன, பச்சப் புள்ளையா? இந்தப் பொத்து பொத்துறீங்க."

"மாடலர். கிட்டாரை இதுல சொருகுனா எந்த ஆம்ப்ளிஃபயர் சத்தம் வேணுமோ அது வரும். அம்பது ஆம்ப் உள்ள இருக்கு."

"அம்பதா!" அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். "என்கிட்ட ஒரே ஆம்பு, ஒரு எக்ஸ்ட்ரா ஸ்பீக்கர் கேபினெட்டு... இத ஏத்தவே ரெண்டு ஆளு வேண்டியிருந்துச்சு. ஆனா நெசமான வால்வு, நெசமான ஸ்பீக்கரு."

"நெசந்தான். பாவம், கிடாதான் நனையுது."

அவன் சிரித்துவிட்டான். சிரித்தபடி அவளைப் பார்த்தான். வைப்பர் ஒரு தடவை போய் வரும் நேரம்தான்... அதற்குள் அவள் இமை நுனியில் தங்கியிருந்த மழைத்துளி அவன் கண்ணில் பட்டுவிட்டது. உடனே சாலையைப் பார்த்தான். கால்நடை டாக்டர்கள் பொறுப்பானவர்கள்.

மண்டபத்தில் சோணைமுத்து ஒளிக்காமல் பேசினார். "இங்க பாரு முனீசு, கிட்டாருக்குன்னு ஆள் வைக்கிறத விட்டு வருசமாச்சு. கீபோர்டுக்காரனே ஒரு பட்டனத் தட்டி கிட்டாரும் வாசிச்சுர்றான். டாக்டர் தம்பி கிட்டார் இருந்தே ஆகணும்னு நின்னாரு, அதான் ஒன்னக் கூப்புட்டேன். இன்னைக்கு நல்லா வந்தா ஆவணி முச்சூடும் நீதான். இல்லைன்னா பட்டனே போதும்."

முனீஸ்வரி தலையாட்டினாள். அவள் வேலை ஒரு ஸ்கேன் சென்டரில். அப்பா ஆண்டிச்சாமிக்குப் பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை. லோடு இறங்கும் நேரத்துக்கு ஊருக்கு முன்னால் எழுந்து போகிறவர், ஊர் டீ குடிக்கும் நேரத்தில் தூங்கிவிடுவார். அதனால் அவள் கிட்டார் முழுக்க ஹெட்போனுக்குள்ளேயே வளர்ந்தது. நாலு பேர் காதில் அது விழுந்ததே இல்லை. விழவேண்டும்... அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

மாடலரின் வயரை ட்ரூப்பின் சவுண்டு மிக்ஸருக்கு நீட்டினாள். சூர்யபிரகாஷ் குறுக்கே வந்தான்.

"மிக்ஸர் வேண்டாங்க. என் ஆம்ப்ல போடுங்க. அதுக்குத்தான கொண்டாந்தேன்."

காதுகுத்து வீட்டில் தாய்மாமன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. சோணைமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முனீஸ்வரி ஆம்பில் சொருகி, கம்பிகளைச் சேர்த்து ஒரு கார்ட் அடித்தாள். போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி வந்தது.

"கோளாறு ஒங்க பொட்டிதான்," என்றான் அவன்.

"உங்க பொட்டிதான்," என்றாள் அவள்.

காரணம் இருவருக்கும் தெரியும் என்பதுதான் வேடிக்கை. மாடலருக்குள் ஒரு பொய் ஸ்பீக்கர் ஓடுகிறது. ஹெட்போனில் கேட்க அது வேண்டும். அதை நிஜ ஸ்பீக்கருக்குள் விட்டால் சட்டைக்கு மேல் சட்டை போட்ட கதை. போதாததற்கு, மாடலர் பதம் பண்ணி அனுப்பிய சத்தத்தை ஆம்பின் முன்பக்கம் வாங்கி இன்னொரு தடவை பதம் பண்ணுகிறது. அவள் பொய் ஸ்பீக்கரை நிறுத்தவேண்டும். அவன், முன்பக்கத்தைத் தொடாமல் நேரே ஸ்பீக்கருக்குப் போகும் ஆம்பின் பின்பக்கத் துளையில் சொருக விடவேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

"ஒங்க ஸ்பீக்கர ஆஃப் பண்ணுங்களேன்."

"நா பாத்துப் பாத்துச் செதுக்குன டோன் அது மேலதான் நிக்குது. நீங்க பின்னாடி போட விடுங்க."

"பின்னாடி போட்டா முன்னாடி திருகுற என் நாப்பு ஒண்ணும் வேல செய்யாதே! அப்புறம் என் ஆம்புக்கு என்ன மரியாத? சும்மா சத்தத்தக் கூட்டுற பொட்டியா?"

"இப்ப மட்டும் என்னவாம்?"

சொன்ன பிறகுதான் வாய் நீண்டுவிட்டது தெரிந்தது. அவன் முகம் சுண்டிப்போனது. மன்னிப்புக் கேட்கலாமா என்று அவள் யோசிப்பதற்குள், "மாமனக் கூப்புடுங்கப்பா, நல்ல நேரம் போகுது" என்று குரல் வந்தது. அவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். போகட்டுமே... எனக்கென்ன? என்று நினைத்துக்கொண்டாள். அது உண்மையில்லை.

மேடைக்கு நேர் எதிரே சூர்யபிரகாஷுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். கழுத்தில் மாலை, மடியில் குழந்தை, பக்கத்தில் ஊசியோடு ஆசாரி. குழந்தையின் அழுகையை மறைக்கப் பாட்டு வேண்டும். சோணைமுத்து கை காட்டினார்.

பாட்டு தொடங்கியது. முனீஸ்வரியின் காதில் அதே போர்வைச் சத்தம். சத்தத்தைக் கூர்மையாக்கும் ட்ரெபிளைக் கூட்டினாள். போதவில்லை. இன்னும் கூட்டினாள்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் காதைப் பொத்தினார். "காது குத்த ஆசாரி வந்துருக்காருல்ல... அந்தப் புள்ள எதுக்கு நம்ம காதையும் சேத்துக் குத்துது?"

சிரிப்பு மேடை வரைக்கும் வந்தது. சோணைமுத்து கீபோர்டுக்காரரைப் பார்த்தார். கீபோர்டுக்காரரின் விரல் அந்தப் பட்டன் பக்கம் நகர்ந்தது. முனீஸ்வரிக்குக் கண் கலங்கியது. கம்பிகள் மங்கலாகத் தெரிந்தன.

சூர்யபிரகாஷ் தன் ஆம்பை இதுநாள் வரை பக்கத்தில் நின்றுதான் கேட்டிருக்கிறான். பெட்டி தரையில் இருக்கும்; சத்தம் முழங்காலுக்குப் போகும்; காதுக்கு மிச்சம்தான் வரும். எதிரே உட்கார்ந்து கேட்பது இதுதான் முதல் தடவை. அட... இவ்வளவு கூர்மையா? தான் வாசிக்கும்போதெல்லாம் அம்மா ஏன் கதவைச் சாத்துகிறாள் என்று அவனுக்கு இப்போதுதான் விளங்கியது.

எழுந்து ஓட முடியாது. குத்தி முடிக்கும் முன் மாமன் மடியை விட்டுக் குழந்தையை இறக்கக் கூடாது. ஒரு கையால் குழந்தையை அணைத்தபடி மறு கையைத் தூக்கினான். அவள் பார்த்தாள்.

அவன் விரலை முன்னால் நீட்டி, அப்படியே வளைத்து, தன் முதுகுப் பக்கம் கொண்டுபோனான். பின்னாடி சொருகு... நாப் போனால் போகுது.

இத்தனை பேர் முன்னால், மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து, ஒருவன் விட்டுக்கொடுக்கிறான். பாடகர் ஒரு இழுப்பு இழுத்தார். அந்த இடைவெளியில் சத்தத்தைக் குறைத்தாள், வயரை உருவிப் பின்பக்கத்தில் சொருகினாள், தன் பொய் ஸ்பீக்கரையும் நிறுத்தினாள்.

போர்வை விலகியது. ஆனால் பெரியவர் இன்னும் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. அவன் மறுபடி கையைத் தூக்கி அண்ணாந்து காட்டினான். அவளுக்குப் புரியவில்லை. யோசித்தான்... குழந்தையின் தோளைப் பிடித்து மெல்லப் பின்னால் சாய்த்து, அதன் முகம் மேலே பார்க்கும்படி வைத்தான். வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தை மின்விசிறியைக் கண்டு யோசனையில் ஆழ்ந்தது.

"அப்பிடியே வச்சுக்கங்க மாமா, அசையாதீக," என்று ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்தார்.

முனீஸ்வரிக்கு விளங்கிவிட்டது. அடுத்த இடைவெளியில், மேடை ஓரம் கிடந்த இரண்டு மணைப் பலகைகளை எடுத்து, ஆம்புக்கு ஒன்று கேபினெட்டுக்கு ஒன்று முன்பக்கம் முட்டுக்கொடுத்தாள். பெட்டிகள் இரண்டும் அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தன. கம்பியைத் தட்டினாள். காது கூசியது. ஐயோ... இதையா இவர்கள் இவ்வளவு நேரம் கேட்டார்கள்? ட்ரெபிளைக் குறைத்தாள். இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்...

வந்துவிட்டது. புதுப்பானையில் தண்ணீர் நிறைகிற மாதிரி, அடியிலிருந்து உருண்டு திரண்டு வந்தது. அவள் ஹெட்போனில் கேட்டதைவிட நன்றாக இருந்தது. அவன் கொட்டாம்பட்டியில் வாசித்ததைவிடவும் நன்றாக இருந்தது.

பெரியவர் கையை இறக்கினார். கீபோர்டுக்காரரின் விரல் பட்டனை விட்டு விலகியது. சோணைமுத்து பாராட்டும் பழக்கம் இல்லாதவர். அடுத்த பாட்டின் ஆரம்பத்தை மட்டும் அவளிடம் கொடுத்தார்.

ஆவணி முழுக்க அவள் வாசித்தாள். போகிற மண்டபத்துக்கெல்லாம் நீலத் தார்ப்பாயும் வந்தது. "அலங்காநல்லூர்ல ஒரு நாய்க்கு ஊசி போட வந்தேன், அப்பிடியே..." என்பான். கொட்டாம்பட்டிக்கும் அலங்காநல்லூருக்கும் எம்புட்டுத் தூரம் என்று அவளும் கேட்கவில்லை.

பிறகு புரட்டாசி பிறந்தது. விசேஷம் இல்லை, கச்சேரி இல்லை... ஆகவே சாக்கும் இல்லை. இருவரிடமும் ஃபோன் இருந்தது. அவரே பேசட்டும் என்று இவள் இருந்தாள். அவளே பேசட்டும் என்று அவன் இருந்தான். கௌரவம் நன்றாக இருந்தது. இருவருக்கும் சாப்பாடுதான் இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூறலில், பரவையில் அவள் வீட்டு முன்னால் குட்டியானை வந்து நின்றது.

"யாரு தம்பி?" என்றார் ஆண்டிச்சாமி.

"கால்நடை டாக்டருங்க."

"எங்க வீட்ல மாடு இல்லையே."

"தெரியும்ங்க."

ஆண்டிச்சாமி தார்ப்பாயைப் பார்த்தார். மகள் முகத்தைப் பார்த்தார். தினமும் காய் பார்த்து வாங்குகிறவருக்கு எது கனிந்திருக்கிறது என்று தொட்டுப் பார்க்கத் தேவையில்லை. "உக்காருங்க, டீ சொல்லிட்டு வாரேன்," என்று தெருவில் இறங்கிப் போனார்.

முன்னறையில் மாடலரும் ஹெட்போனும் கிடந்தன. எதையாவது பேசவேண்டுமே என்று சூர்யபிரகாஷ் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டான். அவள் ஒரு கம்பியைத் தட்டினாள். தகர டப்பாவில் வண்டு அடைபட்ட மாதிரி இரைந்தது.

"என்னங்க இது... ஸ்பீக்கர் ஆஃப்ல இருக்கே!"

"ஆமா."

"ஹெட்போன்ல கேக்க அது வேணுமே. மறந்துட்டீங்களா?"

"மறக்கல." அவள் தலை நிமிரவில்லை. "காதுகுத்து அன்னைக்கு ஆஃப் பண்ணது. வீட்டுக்கு வந்து ஆன் பண்ணப் போனேன்... மனசு வரல. தெனமும் இப்பிடித்தான் வாசிக்கிறேன். இது பாதிச் சத்தந்தான். மீதி ஒங்ககிட்டல்ல இருக்கு?"

வெளியே தூறல் வலுத்தது. அவன் ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"முனீஸ்வரி... நாய்க்கு ஊசி போடவும் வரல, மாட்டப் பாக்கவும் வரல. எனக்கு ஒன்னயப் பிடிச்சிருக்கு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"அதுக்கு எதுக்கு ஆம்ப ஏத்திட்டு வந்தீங்க?"

"வெறுங்கையோட வரப் பயமா இருந்துச்சு."

அவள் சிரித்தாள். இமை நுனியில் ஒரு துளி நின்றது. இது மழை இல்லை. எழுந்து வண்டியருகே போய்த் தார்ப்பாயை விலக்கி, கேபினெட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் பிடிச்சிருக்கு," என்றாள். "அந்தப் பக்கம் பிடிங்க. இதத் தூக்க ரெண்டு ஆளு வேணும்னு நீங்கதான சொன்னீங்க?"